கத்திக்கு முன் கணக்கு

ஈரல் வடுப்பட்டு இறுகிய நோயாளிக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சையும் சிறியதன்று. குருதி உறைதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும் மருந்துகளைச் சிதைத்து அகற்றுவதும் ஈரலின் தொழில்களாகும். அது தளர்ந்தவிடத்து மயக்கமருந்தும் குருதியிழப்பும் பேரிடராய் முடியும்.

இவ்விடரை மதிப்பிட 1964இல் சைல்ட், ரேர்க்கொற் என்போர் வகுத்த முறையை 1973இல் பியூ என்பாரும் அவர்தம் துணைவரும் திருத்தினர். பிலிரூபின், அல்புமின், குருதி உறையும் நேரம், வயிற்றுநீர், அறிவுமயக்கம் ஆகிய ஐந்திற்கும் புள்ளியிட்டு நோயாளரை ஏ, பி, சி என வகைப்படுத்துவர். 1997இல் வெளியான ஓராய்வில், வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின் இறந்தோர் முறையே நூற்றுக்குப் 10, 30, 82 பேர். சிகிச்சை இன்று மேம்பட்டுளதாயினும் வகைகளுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை.

இக்கணக்கை நோயாளியிடம் மறைத்தல் கருணையாகாதென்பது எமது துணிபு. அவசரமற்ற சிகிச்சையாயின், மதுவை நிறுத்தி, வயிற்றுநீரை அடக்கி, நல்லூட்டம் அளித்துத் தேற்றியபின் செய்தலே முறை. தள்ளிவைத்தல் வைத்தியரின் அச்சத்தைக் காட்டுவதன்று. அவர்தம் பொறுப்பைக் காட்டுவதாகும். சுற்றத்தாரும் நோயாளியின் குடிப்பழக்கத்தை நாணி மறையாது உரைத்தல் வேண்டும். மானங் கருதி மறைக்கும் ஒரு சொல் உயிருக்கே உலையாகலாம்.