50 லிட்டர் தொட்டி யாருடைய லாபத்துக்கு?

ஆர்.ஓ. இயந்திரத்துக்குத் தொட்டி வாங்கி வைப்பதைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். "இது பங்களாவாசிகளின் விவகாரம். நமக்கு வேறு வேலை இல்லையா?" என்பது அவர்களுடைய வாதம்.

இந்தத் தோழர்கள் ஒரு தொழிலாளியின் சமையற்கட்டுக்குள் கடைசியாக நுழைந்தது எப்போது? அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஒண்டுக் குடித்தனங்களைப் போய்ப் பாருங்கள். லேத் பட்டறைத் தொழிலாளியின் வீட்டுச் சுவரில் ஆர்.ஓ. இயந்திரம் தொங்குகிறது. ஆடம்பரத்துக்காகவா தொங்குகிறது? இல்லை. போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. வேறு வழியில்லாமல் மாதத் தவணைக்கு வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

இயந்திரத்தை விற்றதோடு வியாபாரி விடுகிறாரா? அதுவும் இல்லை. "உள்ளே இருக்கும் டேங்க் 7 லிட்டர்தான் பிடிக்கும், பற்றாது. கூடவே 50 லிட்டர் டேங்க் ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். 2019 கோடைக்குள் மறந்து போய்விட்டதா?" என்கிறார். மறக்கவில்லை ஐயா! பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த 2019ஆம் வருஷத்தை சென்னை ஜனங்கள் எப்படி மறப்பார்கள்? அந்தப் பீதியைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. வீட்டு இயந்திரம் 1 லிட்டர் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குச் சுமார் 3 லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. அதாவது, 50 லிட்டர் தொட்டி நிரம்ப 200 லிட்டர் வேண்டும். குழாயில் காற்று வரும் காலத்தில் அந்த 200 லிட்டர் எங்கிருந்து வரும்? தட்டுப்பாட்டுக்குச் சேமிக்க வேண்டுமானால் மூடியுள்ள ஒரு டிரம்மில் குழாய்த் தண்ணீரையே பிடித்து வைக்கலாம். அதற்கு இவருடைய தொட்டி எதற்கு?

நமக்குத் தெரிந்த ஒரு தோழரின் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். அவரும் 50 லிட்டர் தொட்டிதான் வாங்கினார். வீட்டில் மூன்றே பேர். இரண்டு மாதம் கழித்துக் குழந்தைக்கு வயிற்றுப் போக்கு. அது நின்று, மறுபடியும் வந்தது. டாக்டருக்கும் மருந்துக்கும் ஒரு வாரக் கூலி போயிற்று. நாம் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்சுவரில் விரலை வைத்தோம். பாசிபோல வழுக்கியது! சீக்குக்கு அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய நாம் டாக்டர் அல்ல. ஆனால் அந்தத் தண்ணீரை நாம் குடிக்க மாட்டோம். விற்றவரும் குடித்திருக்க மாட்டார்.

ஏன் இப்படி ஆகிறது? கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சி நிற்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்திலுள்ள கரி வடிகட்டி இந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. எடுக்காவிட்டால் சவ்வு கெட்டுவிடும். ஆகவே தொட்டியில் வந்து விழும் தண்ணீர் சுத்தமானதுதான், ஆனால் காவல் இல்லாதது. அதை நாலைந்து நாள் வெயில் காலத்தில் தேக்கி வைத்தால் கிருமி பெருகத்தானே செய்யும்? எனவே தொட்டி பெரிதாக ஆக, ஆபத்தும் பெரிதாகிறது. இந்த உண்மையை விற்பனைக்காரர்கள் அப்பட்டமாக மூடி மறைக்கிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். சாதாரண இயந்திரம் மணிக்கு 10, 12 லிட்டர் கொடுக்கும். ஆகவே 20 லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அன்றைய தண்ணீர் அன்றே தீர்ந்துவிடும். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இயந்திரத்துக்குள் இருக்கும் தொட்டியே போதும், வெளித் தொட்டியே வேண்டாம். கரண்டு அடிக்கடி போகும் பகுதியாக இருந்தால், இரவே ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் ஆயிற்று.

தொட்டி அவசியம் என்று கண்டவர்கள் சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உப்பு நீக்கிய தண்ணீர் உலோகத்தை அரிக்கும் குணமுடையது. துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியோ பித்தளைக் குழாயோ கூடவே கூடாது. உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் அல்லது நல்ல எவர்சில்வர் வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி பார்க்க அழகாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். வெயில் விழும் ஜன்னலோரமும் மொட்டை மாடியும் ஆகாது. மூடி இறுக்கமாக மூட வேண்டும். வழியும் குழாயின் வாயில் மெல்லிய வலை கட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டில் தேக்கி வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. இன்னொன்று: 20 லிட்டர் தண்ணீரின் எடை 20 கிலோ. வாடகை வீட்டின் உதிரும் சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டாமல் மேடையிலோ இரும்பு ஸ்டாண்டிலோ வையுங்கள். மாதம் ஒருமுறையாவது காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அரை மணி நிறுத்தி, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கை உள்ளே போகாத தொட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிங்க்குக்கு அடியில் வைக்கும் காற்றழுத்தத் தொட்டி என்றொன்றும் விற்கிறார்கள். 15 லிட்டர் என்று பெயர். உள்ளே ரப்பர்ப் பையும் காற்றும் இடத்தை அடைப்பதால் தண்ணீர் நிற்பது சுமார் 11 லிட்டர்தான். தொட்டியின் அழுத்தம் ஏற ஏறச் சவ்வு கொடுக்கும் தண்ணீர் குறைந்து கழிவு கூடும். நம் வீடுகளுக்கு அது வேண்டியதில்லை.

இனி, எல்லாவற்றிலும் பெரிய அநியாயத்துக்கு வருகிறோம். இயந்திரத்தின் சொந்தத் தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்ச் உண்டு. நிரம்பியதும் அது மோட்டாரை நிறுத்தும். வெளித் தொட்டியை இணைக்கும் அவசரத்தில் சில பிட்டர்கள் இந்த ஸ்விட்சைத் துண்டித்துவிட்டு, புதுத் தொட்டியில் வேறொன்று வைக்காமலே போய்விடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொட்டி நிரம்பினால் காலை ஆறு மணி வரை இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர், 36 லிட்டர் கழிவு: எட்டு மணி நேரத்தில் 384 லிட்டர், அதாவது 25 குடம் சாக்கடைக்குப் போகிறது! அடுத்த தெருவில் நம் சகோதரிகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது! ஆகவே மிதவை ஸ்விட்ச் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் பிட்டருக்குக் கூலி கொடுக்காதீர்கள். மோட்டார் நின்றதும் கழிவுக் குழாயும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் உள்ளே தண்ணீரை அடைக்கும் மின் வால்வு பழுது. கழிவைக் குடிக்கக் கூடாது. வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கக்கூசுக்கு ஊற்றவும் உபயோகியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதானா? தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்கிறது 2012ஆம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. மேலே சொன்ன தோழரின் வீட்டில் போர்வெல் தண்ணீரில் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியது. தெருக் குழாய்த் தண்ணீரிலோ 500ஐத் தொடவில்லை. இரண்டுக்கும் ஒரே இயந்திரம், ஒரே தொட்டி, ஒரே தவணை! தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்டு பாய்ச்சி, பழுப்பாக மாற்றிக் காட்டும் பித்தலாட்டத்தைப் பார்த்து அவர் ஏமாந்தார். கம்பியின் இரும்பு கரைவதால் வரும் பழுப்பு அது, தண்ணீரிலிருந்த அழுக்கல்ல.

குடிநீர் வாரியம் 1978ல் அமைந்தது எதற்காக? ஒவ்வொரு குடும்பமும் தன் சமையற்கட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையும் நீர்த்தேக்கத்தையும் சொந்தச் செலவில் கட்டிக்கொள்வதற்காகவா? குழாய் வராத தெருக்களுக்குக் குழாய் வேண்டும். வரும் தண்ணீரின் உப்பும் குளோரினும் எவ்வளவு என்று தெருத்தெருவாக எழுதி ஒட்ட வேண்டும். இதை வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கக் கையெழுத்து வாங்கி வருகிறோம்.

உப்பு அளக்கும் மீட்டர் ஒன்று கிளையின் கைவசம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தோழர்கள் வீடு வீடாக வருகிறார்கள். குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளர், போர்வெல் தண்ணீர் ஒரு தம்ளர் எடுத்து வையுங்கள். தொட்டியின் மூடியையும் திறந்து வையுங்கள்.