வீட்டுக்குள் சோப்பு, வாசலில் சிப்காட்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருபுறமும் கார், செல்போன், டயர், கண்ணாடி என்று உலகச் சந்தைக்கான பொருள்கள் தயாராகின்றன. அதே சாலையிலிருந்து உள்ளே திரும்பும் காலனிகளில் நம் பெண்களுக்கு என்ன கற்றுத் தருகிறார்கள் தெரியுமா? வீட்டிலேயே சோப்பு செய்யக் கற்றுத் தருகிறார்கள். சிஎஸ்ஆர் நிதி, ஒரு தொண்டு நிறுவனம், சமுதாயக் கூடத்தில் சில நாள் வகுப்பு, கையில் ஒரு சான்றிதழ், கடைசியில் குழுப் படம். அன்றிலிருந்து அவர்கள் "தொழில்முனைவோர்". பேனரைக் கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை. நாம் கேட்போம்.

சோப்பு செய்வதை நாம் குறைத்துப் பேசவில்லை. அது அசல் வேதியியல். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 170 முதல் 180 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அளவு கூடினால் தோல் எரியும். காஸ்டிக் சோடாவைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம், குழந்தைகள் நுழையாத இடம் வேண்டும். வார்த்த சோப்பு காய்ந்து பதமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை எண்ணெய்க்குப் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். அந்தப் பணம் பெரும்பாலும் குழுக்கடன். தவணை வாரா வாரம் வந்து நிற்கும்.

சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் இதை எங்கே வைத்துச் செய்வது? அதனால் பல வகுப்புகளில் சோப் பேஸ் கட்டியை வாங்கி உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து அச்சில் ஊற்றுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதில் ஆபத்து குறைவு, லாபமும் குறைவு. பேஸ் விற்கும் கடைக்கு மட்டும் வியாபாரம் நிச்சயம்.

வகுப்பில் சொல்லாமல் விடுவது இன்னொன்று உண்டு. விற்பனைக்கான குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி அதைத் தயாரிக்க உரிமம் வேண்டும். உற்பத்தி செய்யும் இடம் குடியிருப்பாக இருக்கக் கூடாது, குடியிருப்போடு இணைந்தும் இருக்கக் கூடாது. தகுதியுள்ள தொழில்நுட்ப ஊழியர் ஒருவரும் இருக்க வேண்டும். அதாவது, "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று கற்றுக்கொடுக்கும் தொழிலை வீட்டில் செய்து விற்க உரிமமே கிடைக்காது. நாளை அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான். பயிற்சி கொடுத்தவர்கள் அறிக்கையில் "பயனாளிகள்" எண்ணிக்கையை ஏற்றிவிட்டு எப்போதோ போயிருப்பார்கள்.

விதி தவறு என்று நாம் சொல்லவில்லை. தோலில் தேய்க்கும் பொருளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். நம் கேள்வி, அந்தத் தனி இடம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மக்களின் நிலமின்மையிலிருந்து பிறந்தவை. இந்தத் தொழில் வழித்தடம் ஓடுவது அதே மண்ணில். பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆலைக்கு ஏக்கர் கணக்கில் இடம் கிடைத்த மாவட்டத்தில், சோப்புக் கட்டி காய வைக்க நம் பெண்களுக்கு ஒரு கொட்டகை இல்லை.

சரி, அந்தப் பெண்கள் ஏன் ஆலைக்குள் இல்லை? ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்கியதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய, மாநில அரசுகளிடம் அறிக்கை கேட்டது. வேலைக்குள் போனவர்கள் நிலையும் நமக்குத் தெரியும். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஒரேயடியாக வெளியே வந்தார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு விஷமானதும் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இளமையில் ஒப்பந்த வேலை, கல்யாணம் ஆனால் வெளியே, வெளியே வந்தவருக்கு ஒரு சோப்பு அச்சு. கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மட்டும் காலனிக்கு வேன் தவறாமல் வரும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லாததால், இதைக் கேள்வி கேட்க ஒரு பதிவேடுகூட நம் கையில் இல்லை.

சோப்பை நம் கையில் கொடுப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் வரலாறு உண்டு. 2017 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் முதல்வர் ஆதித்யநாத் வருவதற்கு முன், முசஹர் குடும்பங்களுக்கு அதிகாரிகள் சோப்பும் ஷாம்புவும் கொடுத்துக் குளித்துவிட்டு வரச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. குஜராத் தலித் தோழர்கள் அதற்குப் பதிலாக 125 கிலோ எடையில், புத்தர் உருவம் பொறித்த ஒரு சோப்பைச் செய்து, அதே முதல்வருக்குப் பரிசளிக்க ரயில் ஏறினார்கள். சாதி அழுக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் தேய்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் பொருள். ஜான்சியில் அவர்களை இறக்கித் திருப்பி அனுப்பியது காவல்துறை. நம்மவர் செய்த சோப்பு ஒரு அரசையே பயமுறுத்தியது என்றால், அதில் ஒரு கேள்வி கலந்திருந்ததுதான் காரணம். பயிற்சி வகுப்புச் சோப்பில் அந்தக் கேள்வியைக் கவனமாக வடிகட்டிவிடுகிறார்கள்.

"சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லையே" என்பார்கள். நம் பெண்கள் எப்போது சும்மா இருந்தார்கள்? செய்வதென்றால் தொழிலாகச் செய்வோம். அதற்கு நம் கோரிக்கைகள் இவை:

சிப்காட் வளாகத்துக்குள் பட்டியல் சாதிப் பெண்கள் கூட்டுறவுக்கு உரிமம் பெறத் தகுதியான தொழிற்கூடம் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் 35 சதவீத மூலதன மானியம் காலனிப் பெண்கள் குழுவின் கைக்கு வர வேண்டும்.

2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு ஒவ்வொரு ஆலையிலும் கழுவும் வசதி இருக்க வேண்டும் என்றது. அங்கே வைக்கும் சோப்பை அந்தக் கூட்டுறவிடம், ஆண்டு ஒப்பந்தம் போட்டு வாங்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் நிரந்தர வேலையில், எத்தனை பேர் ஒப்பந்தத்தில் என்று ஒவ்வொரு ஆலையும் கணக்கு வெளியிட வேண்டும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் காலனியில் சோப்புப் பயிற்சி பேனர் கட்டினால் எதிர்த்துக் கத்த வேண்டாம். உள்ளே போய் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: உரிமம் யார் வாங்கித் தருவது? இடம் எங்கே? வாங்குவது யார்? பதில் இல்லாவிட்டால், குழுப் படத்துக்கு நிற்காமல் எழுந்து வாருங்கள்.

ஜெய்பீம்.