குருநகரில் ஓர் உருபு ஆராய்ச்சி

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை, குருநகரில் வாழும் என் பழைய மாணவன் ஒருவனைக் காணச் சென்றிருந்தேன். புனித யாகப்பர் ஆலயத்துக்கு அப்பால், கடலை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் அவன் வீடு. வாடைக் காற்று மழையோடு வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தில் இருந்த கோழிக்கூடு ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. அலுமினியச் சட்டம், மேலே ஒளி புகும் தகடு, பக்கங்களிற் காற்றுப் போகத் துளைகள், உள்ளே தட்டுத் தட்டாக நுண்ணிய வலை. இத்துணை நுட்பமான மாளிகையிற் குடியிருக்கும் கோழிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அது கோழிக்கூடு அன்றாம். வெயிலிற் கருவாடு உலர்த்தும் பெட்டியாம். கடல் கடந்த நாடொன்றிலிருந்து வந்த பொறியியல் மாணவர் சிலர், மூன்று கிழமை தங்கி நின்று, அவ்வொழுங்கையிலுள்ள குடும்பங்களுக்குச் செய்து கொடுத்துச் சென்றார்களாம். என் மாணவனின் தாயாரிடம், "அம்மா, இதனை ஏன் பயன்படுத்துவதில்லை?" என்று வினவினேன். அவர் சிரித்தார்.

"பண்டிதர் ஐயா, பெட்டி நல்ல பெட்டிதான். அந்தப் பிள்ளையளும் தங்கமான பிள்ளையள். ஆனால் மீன் என்ன பெட்டியின்ரை அளவைக் கேட்டுக்கொண்டே வலையிலை படுகுது?"

அவர் மேலும் சொன்னவற்றை என் நடையிலே தருகிறேன். பிள்ளைகள் வந்தது ஆடி மாதம். அவர்களுக்குக் கோடை விடுமுறை. நமக்கு அது சோளகக் காலம். வெயில் எரிக்கும், காற்று அள்ளி வீசும். அக்காலத்தில் ஓலைப் பாயை விரித்தாலே மீன் உலர்ந்துவிடும். பெட்டி அப்போது வெகு சிறப்பாக வேலை செய்தது, படமும் பிடித்துக்கொண்டார்கள். உலர்த்துவதற்கு வழியின்றி மீனவப் பெண் தவிப்பது வாடைக் காலத்தில். அப்போது வெயில் இல்லை. வெயிலை நம்பிய பெட்டிக்கும் வேலை இல்லை. பின்னர் மேற்றகடு வெடித்தது. அதே தகடு யாழ்ப்பாணக் கடைகளிற் கிடைக்கவில்லை. நல்ல பொருளை வீணாக்க மனமில்லாமற் கோழியை அடைத்தாராம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இலையானும் மணலும் அணுகாமல் அப்பெட்டியில் உலர்ந்த மீன் மிகத் துப்புரவாக இருந்தது என்று அந்த அம்மையாரே ஒப்புக்கொண்டார். அறிவிலே குறையில்லை, அன்பிலும் குறையில்லை. குறை எங்கே என்பதே வினா.

இத்தகைய முயற்சிகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னாட் அமடெய் 2000ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீசு நாட்டின் சான் பாப்லோ என்னும் சிற்றூருக்கு அழைக்கப்பட்டார். அங்கே சிறுமியர் ஆற்றிலிருந்து நீர் சுமப்பதிலே பொழுதைக் கழித்தனர். அடுத்த ஆண்டு எட்டு மாணவருடன் திரும்பிச் சென்று, அருவியின் விசையாலேயே நீரை ஏற்றும் அமைப்பொன்றை நிறுவினார். அதிலிருந்து 2002ஆம் ஆண்டில் 'எல்லைகளற்ற பொறியியலாளர்' என்னும் சங்கத்தின் அமெரிக்கக் கிளை தோன்றியது. அதே பெயர் பூண்ட கனடாச் சங்கம் 2008ஆம் ஆண்டு தொடக்கம் வேறொரு காரியம் செய்தது: தான் தோற்ற வரலாறுகளைத் தொகுத்து 'தோல்வி அறிக்கை' என்றே பெயரிட்டு வெளியிட்டது. வெற்றி விழா மலர் வெளியிடுவதிலே வல்லவர்களாகிய நாம் இதனைச் சற்றுக் கூர்ந்து நோக்கலாம்.

தோல்விகளோ பெரியன. ஆபிரிக்கச் சிற்றூர்களிற் சிறுவர் ஏறிச் சுற்றி விளையாடும் இராட்டினத்தால் நிலத்தடி நீரை இறைக்கும் பொறியொன்றுக்கு 2006ஆம் ஆண்டில் ஒரு கோடி அறுபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணம் உறுதியளிக்கப்பட்டது. சொல்லப்பட்ட அளவு நீரை அது தரவேண்டுமாயின் சிறுவர் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாடவேண்டும் என்று ஆங்கில நாளேடொன்று 2009இற் கணக்கிட்டுக் காட்டியது. நாளுக்கு 24 மணியே உண்டு என்பதை அந்த ஊர்த் தாயொருத்தி முன்னமே சொல்லியிருப்பாள், கேட்டார் இல்லை. நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் படகுகள் வந்து குவிந்தன. அவற்றுட் பல கடலுக்கு ஏலாதன. சில இடங்களில் இழந்த படகிலும் பெற்ற படகு மிகுதி.

இங்கே இலக்கண ஆசிரியன் ஒருவன் தன் தொழிலுக்குரிய சொல்லொன்றைச் சொல்ல இடந்தருக. 'குடும்பங்களுக்குச் செய்தல்' என்பது நான்காம் வேற்றுமை. நன்னூலார் அதற்குரிய பொருள்களை அடுக்குமிடத்திற் கொடையையும் பகையையும் அருகருகே வைத்தார். ஏன் வைத்தாரோ அறியேன். வகுப்பிலே அதனைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புன்முறுவல் தோன்றும். 'குடும்பங்களோடு செய்தல்' என்பது மூன்றாம் வேற்றுமை, உடனிகழ்ச்சிப் பொருள். இந்த 'ஒடு' உருபைப் பற்றித் தொல்காப்பியர் ஒரு நுட்பம் கூறுகிறார்: இருவர் ஒரு வினையைச் சேர்ந்து செய்யும்போது, அவ்வுருபு உயர்ந்தவர் பெயரையே சாரும். தலைவரோடு தொண்டர் வந்தனர் என்போம். தொண்டரோடு தலைவர் வந்தார் என்றால் மரபு பிழைக்கும். அவ்வாறாயின் 'மீனவக் குடும்பங்களோடு மாணவர் பொறி அமைத்தனர்' என்ற வாக்கியத்தில் உயர்ந்தவர் யார்? மாணவர் தங்கள் அறிக்கையிலே 'ஓடு' என்று எழுதுகிறார்கள். களத்திலே 'கு' என்று நடந்துகொள்கிறார்கள். என் மாணவனின் முற்றத்தில் நிகழ்ந்தது இவ்வளவே.

'ஓடு' உருபின்படி நடந்தவர் இல்லையோ எனின், தமிழ்க் கடற்கரையிலேயே உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலே கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி, விலை ஏறி, மீனவர் இடர்ப்பட்ட காலம் 1970களின் பிற்பகுதி. பியேர் ஜில்லே என்னும் பெல்ஜிய நாட்டுப் பொறியியலாளர் அங்கே தங்கி, ஒட்டுப்பலகையாற் சிறு படகு அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டார். வரைபடம் வரைவது எளிது. ஆனாற் கட்டுமரத்தானுக்குப் படகு என்றால் என்ன? அவன் கலம் கவிழ்ந்தாலும் மூழ்காது. நீர் ஏறினாலும் இடுக்கு வழியே இறங்கிவிடும். அலை உடையுமிடத்திற் கரையிலே மோதினாலும் தாங்கும். குழிந்த படகிலே இந்த மூன்றும் இல்லை. ஆகவே மூழ்காமைக்கு மூடிய அறைகள் வேண்டியிருந்தன. பலகையின் தரம், பொருத்தின் உறுதி, பணிமனையின் பயிற்சி, கடன் கொடுப்பார் யார் என்பன ஒவ்வொன்றும் ஒவ்வொரு முட்டுக்கட்டையாயின. ஆண்டுகள் கழிந்தன. இந்தத் துன்பங்களையெல்லாம் மறைக்காமல் அவர் 1985ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். 'சிறியதே அழகு' என்று ஷூமாக்கர் 1973இல் நூல் செய்தார் அன்றோ? ஜில்லே தம் நூலுக்கு இட்ட பெயர் 'சிறியது கடினம்' என்பது. அப்படகுகள் பின்னர் அக்கரையோரத்திற் பரவின. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பே படகுத் துறைகளை நடத்தியது. மூன்று கிழமையில் அது நிகழவில்லை.

நம் தீவிலும் ஒரு சான்று. றே விஜயவர்த்தன (1924–2010) என்ற பொறியியலாளர் 1950களில் இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றை அமைத்துப் புகழ் பெற்றார். எருமை கன்று ஈனும், பால் தரும், எரு இடும். இயந்திரம் இவற்றுள் ஒன்றையும் செய்யாது என்பதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகக் கூறித் தம் புகழ்பெற்ற படைப்பையே குறைகண்டார். அத்தகைய நெஞ்சுரம் பண்டிதர்களுக்கும் அரிது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடல் கடந்த பிள்ளைகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் பல்லாயிரம் மைல் கடந்து வந்தார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்கிருந்து குருநகர் ஒரு பொழுதுப் பயணமே. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்த ஒழுங்கையின் முற்றத்திலே பாயில் இருந்து ஒரு வாடைக் காலத்தைக் கண்டிருக்கிறார்கள்? தமிழகத்திலே அமிர்தா பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டு தொடக்கம் மாணவரைச் சிற்றூர்களிலே தங்கிப் பயிலச் செய்கிறது. வெளிநாட்டு மாணவரும் அதிற் கலந்துகொள்கின்றனர். நம்மிடம் அறிவு உண்டு, மொழி உண்டு, பருவமெல்லாம் கூடவே இருக்கும் வாய்ப்பும் உண்டு.

மொழி என்றேன். இதுவே என் முதன்மையான முறையீடு. நம் மாணவர் பொறியியலை ஆங்கிலத்திற் பயில்கின்றனர், பயிலட்டும். ஆயின் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்து, ஒவ்வொன்றிலும் எந்த மீன் எப்பக்கம் நகரும் என்று கணிக்கும் ஒருவரோடு எம்மொழியில் உரையாடப் போகிறார்கள்? அணியம் என்றால் படகின் எப்பகுதி என்று அறியாதவன் படகை எவ்வாறு திருத்துவான்? களங்கட்டி வலையின் அமைப்பை மீனவர் விளக்கக் கேட்டால், நீரோட்டத்தைக் கணக்கிடும் கல்வி அதனுள்ளே அடங்கியிருப்பது தெரியும். அச்சொற்களை அகராதியில் ஏற்றுவதே எம்மனோர் பணி என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அச்சொற்கள் உயிரோடு உழைக்கும் இடம் வேறு.

'ஏழை வீட்டை ஆய்வுகூடமாக்குவதா?' என்று சிலர் கேட்பர். மிகவும் நியாயமான கேள்வி. மாணவன் பிழைவிட்டால் அவன் புள்ளி குறையும்; குடும்பம் பிழைப்பையே இழக்கும். ஆதலின் குடும்பம் செலவிடும் பொழுதுக்குக் கூலி கொடுக்கவேண்டும். செய்த பொருளை, யாழ்ப்பாணக் கடையில் வாங்கக்கூடிய உறுப்புகளைக் கொண்டு, அவ்வொழுங்கையில் உள்ளவரே பழுதுபார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும். இறுதிப் புள்ளியிற் பாதியை ஒரு சோளகமும் ஒரு வாடையும் கழிந்த பின் அந்தக் குடும்பத்தார் இடவேண்டும். பரீட்சை விதிகள் இதற்கு இடந்தரா என்று பல்கலைக்கழகத்தார் கூறுவர். விதிகளை மனிதரே எழுதினர்.

வேலைக்கோ பஞ்சமில்லை. தாளையடியிலே 2024ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது பெரும் பொறியியலாளர் வேலை. குழாயை வாசல்வரை கொணரும். வாசலுக்கு உள்ளே மீன் கழுவிய நீர் எங்கே போவது? சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பினூடே மலக்குழி நீர் கிணற்றை அடையும் இந்த மண்ணிலே, நெருங்கிய வீடுகளுக்கு எத்தகைய குழி ஏற்றது? தொடர்மாடி வீட்டில் வாழும் மீனவர் வலையை எங்கே உலர்த்துவார், இயந்திரத்தை எங்கே வைப்பார்? இவற்றுக்குப் பெருந்திட்டங்களில் விடை இராது.

என் மருமகன் ஒருவன் அறிவியல் நகரிலே மூன்றாம் ஆண்டில் பயில்கிறான். சென்ற ஆவணியில் அவனை அந்த அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன். அவன் கோழிக்கூட்டை அளந்தான். தட்டை உருவிப் பார்த்தான். அடுப்பின் கழிவு வெப்பத்தைக் குழாயால் உள்ளே செலுத்தினால் மழை நாளிலும் உலர்த்தலாமோ என்று முணுமுணுத்தான். அம்மையார் தேநீர் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் வாடைக்கும் வருவீரோ? இல்லாட்டில் சோளகத்தோடை போயிடுவீரோ?"

வருவதாகச் சொல்லியிருக்கிறான். வாடை இன்னும் தொடங்கவில்லை.