மஞ்சள் கடிதாசி வீட்டைக் காக்குமா?

தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் பத்துக்குப் பத்து அறைகளில் இரண்டு தலைமுறையாக வாழ்ந்த நம் குடும்பங்கள் பல, கடந்த சில ஆண்டுகளில் கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர் என்று புறநகர்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறின. ஊரில் விற்ற நிலமும், சீட்டுப் பணமும், வீட்டுப் பெண்களின் நகையும் முன்பணமாயின. மிச்சத்துக்கு வங்கியோ வீட்டுக்கடன் கம்பெனியோ கடன் தந்தது. பால் காய்ச்சிய நாளில் நாமும் போய் வாழ்த்திவிட்டு வந்தோம். அந்தக் குடும்பங்களில் சில, இன்று தவணை கட்ட வழியின்றித் தவித்து நிற்கின்றன.

சென்ற மாதம் ஒரு தோழர் தம் துணைவியாருடன் சங்க அலுவலகத்துக்கு வந்தார். அவர் ஒரு கம்பெனியில் ஓட்டுநர். அம்மையார் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர். மூன்று தவணை தவறிவிட்டது. அதற்கு முன் கட்டிய ஐந்து தவணையும் சம்பளத்தில் கட்டியதல்ல. தாலிக்கொடியை அடகு வைத்தும், கந்துவட்டிக்கு வாங்கியும் கட்டியது. இது எதுவும் அந்த அம்மையாருக்கு அன்றுவரை தெரியாது. கடன் பத்திரத்தில் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டவரும் அவரேதான். தோழர் கேட்டது ஒரே கேள்வி: "மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டால் வீடு தப்புமா?"

இக்கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. பலர் வெளியே சொல்ல வெட்கப்பட்டு மனத்துக்குள் புழுங்குகிறார்கள். ஆகவே இம்மாதத் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

இந்த நிலை எப்படி வந்தது? ஆடம்பரத்தால் வந்தது என்று ஊரார் பேசலாம். கணக்கு வேறு சொல்கிறது. 2021-ஆம் ஆண்டில் 6.75 விழுக்காடு வட்டிக்கு, 20 ஆண்டுத் தவணையில் 25 லட்சம் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 19,009 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு ஏற்றியது. வட்டி மாறும் கடன்களில் அந்தப் பாரம் கடனாளியின் தலையில் இறங்கிற்று. ஓராண்டு கட்டிய பின் வட்டி 9.25 ஆனது என்றால், அதே காலக்கெடுவில் கடனை முடிக்கத் தவணை ஏறக்குறைய 22,750 ரூபாய் ஆகிவிடும். தவணையை உயர்த்தாமல் 19,009 ரூபாயையே கட்டிவந்தால், அதில் 18,799 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 210 ரூபாய்! அந்த வேகத்தில் கடன் தீர 40 ஆண்டுக்கும் மேல் பிடிக்கும். ஓட்டுநரின் சம்பளம் எந்த ஆண்டில் இப்படி ஏறிற்று? குற்றம் யாருடையது?

2025-ல் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது உண்மை. அந்தக் குறைப்பு உங்கள் கடன் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்று எத்தனை பேர் கேட்டோம்? வீட்டுக்கடன் கம்பெனிகள் தம் சொந்த அளவுகோலில் வட்டி வைப்பதால், ஏற்றியதைப் போல் உடனே இறக்குவார்கள் என்ற உறுதி இல்லை. கேட்டால்தான் உண்டு.

இனி மஞ்சள் கடிதாசிக்கு வருவோம். ஐ.பி. கொடுப்பது என்று நாம் சொல்லும் நொடிப்பு மனுவுக்கு மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய இடங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இரண்டும் வெள்ளையன் இயற்றியவை. ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம். நீதிமன்றம் ஏற்றால் கடனாளியின் சொத்து நீதிமன்ற அதிகாரியின் கைக்குப் போகும். கைக்கடன்காரர்களும் பிறரும் தனித்தனியாகத் துரத்துவது நிற்கும். பின்னர் விடுவிப்பு ஆணை கிடைத்தால், மோசடிக் கடன் போன்ற சில நீங்கலாக மற்றவற்றிலிருந்து விடுதலை கிடைக்கும்.

ஆனால் அடமானம் வைத்த வீட்டை இந்தச் சட்டங்கள் காப்பதில்லை. ஈட்டின்மேல் கடன் கொடுத்தவன் தன் ஈட்டை எடுத்துக்கொள்ளும் உரிமையை இரண்டு சட்டங்களும் தொடாமல் விட்டிருக்கின்றன. அதாவது நீங்கள் மஞ்சள் கடிதாசி கொடுத்தாலும் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கணவனுக்கு விடுவிப்பு கிடைத்தாலும், கூடக் கையெழுத்திட்ட மனைவிக்கும் ஜாமீன் நின்ற மைத்துனனுக்கும் விடுவிப்பு இல்லை. விடுவிப்புப் பெறுமுன் தம் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். 1909-ஆம் ஆண்டுச் சட்டம் கடனாளிக்கு விட்டுவைப்பது என்ன தெரியுமா? தொழிற்கருவி, துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய் மதிப்பு. இன்று ஓர் இட்லிக் கொப்பரை வாங்க அது போதுமா?

எனவே வீட்டைக் காப்பதற்காக மஞ்சள் கடிதாசி கொடுப்பது வீண். வீடு போன பிறகும் பாக்கி நின்றால், அதோடு தனிக்கடனும் கைக்கடனும் கழுத்தை நெரித்தால், அப்போது அதை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் வழக்கறிஞரின் ஆலோசனைக்குப் பிறகே.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் காலத்தை அறிந்துகொள்ள வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகிறது. பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸைப் பரணில் போட்டுவிடாதீர்கள். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தரவேண்டும். அதன் பின்னும் வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் பாக்கி முழுவதையும் கட்டினால் வீட்டை மீட்கலாம்.

ஆனால் அந்த 90 நாளுக்கு முன்பே வங்கியின் படியேறுவதே சிறந்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் ஆணை. வேலை போனது, நோய் வந்தது என்றால் அதற்கான தாளை இணைத்துக் கடனைத் திருத்தியமைக்கும்படி எழுதிக் கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காசோலையோ வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுக்கும் தவணையோ பணமின்றித் திரும்பினால் அது குற்றவியல் வழக்காகவும் ஆகலாம் என்பதால், தவணை நாளுக்கு முன்பே பேசுவது அவசியம்.

எவ்வளவு திருத்தினாலும் தாங்காது என்று கணக்குச் சொன்னால், வங்கிக்குத் தெரிவித்துவிட்டு வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். ஏலத்தில் அவசரத்துக்குப் போகும் விலையைவிட நீங்கள் ஆள் பார்த்து விற்கும் விலை மேலாக இருக்கும். கடன் போக மிஞ்சுவது உங்கள் கைக்கு வரும். வட்டி மாறும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தனிமனிதரிடம் அபராதம் வாங்கக்கூடாது. ஏலத்தில் போய்ப் பாக்கி நின்றாலோ, அந்தப் பாக்கியும் உங்கள் தலையிலேயே விழும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வங்கித் தவணைக்காகக் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். ஒன்பது விழுக்காட்டு நெருப்பை அணைக்க நூறு விழுக்காட்டு எண்ணெய் ஊற்றுவதாகும் அது. வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள். எந்தக் கடன்காரனும் ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் காத்துவைத்திருக்கும் பணம் அது. அதை நாமே எடுத்து, எப்படியும் போகப்போகும் வீட்டில் கொட்டலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண்களிடம் மறைக்காதீர்கள். கையெழுத்து அவர்களுடையதும் என்றால் கணக்கும் அவர்களுக்குத் தெரியவேண்டும். அன்று நம் அலுவலகத்தில் அந்த அம்மையார் அழவில்லை. "முதல் மாசமே சொல்லியிருந்தா கொடியாவது மிஞ்சியிருக்கும்" என்றார். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

வசூல் ஆட்களைக் கண்டும் அஞ்ச வேண்டாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அவர்கள் தொலைபேசியில் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உற்றார் உறவினர் முன் அவமானப்படுத்தக்கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கொடுக்க வழியில்லாத நேர்மையான கடனாளியைச் சிறையில் தள்ளுவது நியாயமாகாது என்று 1980-லேயே உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருக்கிறார். கடனுக்கு உயிர் ஈடல்ல. அப்படி ஓர் எண்ணம் தலைகாட்டினால், அந்த நொடியே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் தனித்தனிக் குடும்பங்கள் செய்யவேண்டியவை. அரசு செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. 2016-ல் புதிய நொடிப்புச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கில் கடன்பட்ட கம்பெனிகள் அதன் வழியே கரையேறுகின்றன. கொடுத்தவர்கள் பெருந்தொகையை விட்டுக்கொடுக்கிறார்கள். அதற்குக் கௌரவமான பெயரும் வைத்திருக்கிறார்கள். தனிமனிதருக்கான பகுதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2019 டிசம்பர் முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அது நடைமுறைக்கு வந்தது. ஏழைக்குப் புதுவாழ்வு தருவதாகச் சொல்லும் பிரிவிலோ, ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படக்கூடாது. சொந்த வீடும் இருக்கக்கூடாது! ஓட்டுநருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளிக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் என்பது என்ன நீதி?

உழைப்பவன் குடியிருக்கும் ஒரே வீட்டுக்குப் பாதுகாப்புத் தரும் தனிமனித நொடிப்புச் சட்டம் வேண்டும். வீட்டை ஏலத்துக்கு விடுமுன் கடனைத் திருத்தியமைக்கும் வாய்ப்புக் கட்டாயமாக்கப்பட வேண்டும். இந்த இரு கோரிக்கைகளையும் தேர்தல் நேரத்தில் நம் தெருவுக்குள் வரும் எல்லாக் கட்சியினரிடமும் கேட்போம்.

அதுவரை நமக்கு நாமே துணை. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் வழியுண்டு. கடன் பத்திரம், தவணைக் கணக்கு, வந்த நோட்டீஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர்கள் நாம். ஒரு வீடு கைவிட்டுப் போனாலும் மறுபடி எழுந்து நிற்போம்.