சுவரிற் பூத்தது உப்போ, பூஞ்சணமோ?

கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்திலே பள்ளிவாசல்துறை என்றோர் ஊர் உண்டு. சென்ற மாரியில், அவ்வூரிலே ஆசிரியராகிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். பகலுணவு முடிந்ததும் நண்பர் நம்மை முன்கூடத்துக்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டினார். நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளை வெளேரென ஏதோ பூத்திருந்தது. தொட்டால் மாப்போல் உதிர்ந்தது. அதன்மேற் பூசியிருந்த நிறப்பூச்சு அப்பளம்போற் பொங்கித் தோலுரிந்து நின்றது.

“பூஞ்சணம் பிடித்துவிட்டது. மகனுக்கு இரவிலே முட்டு இழுக்கிறது. இதனாலேதான் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள்” என்றார் நண்பர். இரண்டு ஆண்டுகளாக மாதம் இருமுறை அச்சுவரைக் குளோரின் நீர்விட்டுத் தேய்த்துக் கழுவி வருகின்றனராம். மூன்று முறை புதிதாக நிறம் பூசியும் ஆயிற்றாம். கழுவக் கழுவப் பூப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

நாம் ஒன்றும் பேசாது, குவளை நீரில் விரலை நனைத்து ஒரு துளியை அவ்வெண்மையின்மேல் வைத்தோம். பார்த்திருக்கும்போதே அது கரைந்து மறைந்தது. பூஞ்சணமாயின் நனைந்து படியுமேயன்றிக் கரையாது. சிலபோது துளி அதன்மேல் முத்துப்போல் உருண்டு நிற்பதும் உண்டு. கைவில்லையால் நோக்கியபோது இழை ஒன்றேனும் தென்படவில்லை. ஊசி ஊசியாய்ப் பளிங்குகளே மின்னின. சுவரிற் பூத்திருந்தது உப்பு.

இதைக் கேட்டதும் வீட்டு மூத்தம்மா சிரித்துவிட்டார். “நான் எப்பவோ சொன்னேன், ஆர் கேட்டது? மழைக்கு முதல் நாளே இந்தச் சுவர் வேர்க்கும், தம்பி” என்றார்.

மூத்தம்மாவின் சொல்லுக்கு இரசாயன நூல் சான்று தரும். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும், கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகின்றது. அவ்வளவினின்று குறைந்ததும் நீரை விட்டு மீண்டும் பளிங்காகின்றது. உவர் நிலத்து ஈரம் சுவரில் ஏறும்போதும், கடற்கரை மணலைக் கழுவாது சாந்திற் சேர்க்கும்போதும் உப்பு சுவருக்குட் புகுந்துவிடுகின்றது. பின்னர் இரவிற் கரைந்து, நண்பகலில் விளைந்து, சாந்தைத் துகள் துகளாக உடைக்கின்றது. புத்தளத்து உப்பளத்தில் நடப்பது இவ்வீட்டுச் சுவரிலும் நடக்கின்றது. வாரி விற்க இயலாது என்பதொன்றே வேற்றுமை! இதில் வியப்பு யாதெனின், வீட்டுப் பூஞ்சணங்களிற் பலவும் தாம் பற்றும் பரப்பில் ஏறக்குறைய அதே 75, 80 வீத ஈரத்தை எதிர்பார்த்தே காத்திருக்கின்றன. ஆதலின் ஒரே வீட்டில் இரண்டும் வந்து சேர்வதும், ஒன்றை மற்றொன்றென மயங்குவதும் இயல்பே.

ஆனால் அம்மயக்கத்துக்கு விலை உண்டு. உப்புக்குச் செய்யவேண்டியதும் பூஞ்சணத்துக்குச் செய்யவேண்டியதும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளவேண்டும். நீர்விட்டுக் கழுவினால் அது கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிச் சென்று மறுநாள் மீண்டும் பூக்கும். போதாக்குறைக்கு, குளோரின் நீர் உலர்ந்தபின் எஞ்சுவதும் பெரும்பாலும் உப்பே. இரண்டு ஆண்டுகளாக அக்குடும்பத்தார் தம் சுவருக்கு எருவிட்டு வந்தனர் என்று சொல்லலாம். பூஞ்சணத்தையோ உலரத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் விதைபோன்ற அதன் நுண்துகள்கள், பாடநூல்கள் ‘வித்திகள்’ எனக் குறிப்பவை, இலட்சக்கணக்கில் எழுந்து மூச்சோடு கலக்கும். அதை ஈரத்துணியால், சவர்க்கார நீர் கொண்டு துடைத்தெடுக்கவேண்டும்.

உப்பினால் முட்டு இழுப்பதில்லை. அங்ஙனமாயின் சிறுவனுக்கு இழுப்பு எதனால்? அவன் உறங்கும் அறையைக் காணவேண்டும் என்றோம்.

மணற்காற்றுக்கு அஞ்சி அவ்வறையின் யன்னலை ஆண்டு முழுவதும் அடைத்தே வைத்திருந்தனர். வடக்குச் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு பெரிய அலுமாரி நின்றது. அறைக்குள் நுழைந்தவுடனே நனைந்த சாக்கின் நாற்றம் வீசிற்று. வீட்டாருக்கு அது பழகிப்போயிருந்தது. இருவராக அலுமாரியை இழுத்துப் பார்த்தோம். சுவரிலே கரும்பச்சை வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து படர்ந்திருந்தன. அலுமாரியின் பின்பலகையிலும், அடித்தட்டிற் கிடந்த பழைய புத்தக அட்டைகளிலும், தோற் செருப்பிலும் சாம்பல்நிறத் தூள் படிந்திருந்தது. உப்பு கல்லிலும் சாந்திலும் பூக்கும். புத்தக அட்டையிலும் செருப்பிலும் இவ்வாறு பூக்காது. நீர்த்துளி இங்கே கரைக்க ஒன்றுமின்றிக் கிடந்தது. சிறுவனின் தலையணைக்கும் அவ்விடத்துக்கும் நான்கடி தூரமும் இராது.

இனி, அது எந்தப் பூஞ்சணம்? மாணவ நேயர்கள் அறிய விரும்புவது இதுவே என்பது நமக்குத் தெரியும். நிறத்தைக் கொண்டு பெயர் சொல்லலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். இளமையில் வெண்மையாயிருந்து, வித்தி முற்றியதும் பசுமையோ கருமையோ அடைவன பல. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாத் துண்டொன்றை மெல்ல ஒற்றியெடுத்துக் கண்ணாடி வழுக்கியில் ஒட்டினோம். மறுநாட் காலை நண்பர் அதைத் தமது பாடசாலையின் நுணுக்குக்காட்டியில் வைத்தார். சிறுவனும் உடன் வந்திருந்தான்.

சுவரில் எடுத்த துண்டிலே, பழுப்புநிறக் காம்புகளின் நுனியில் முட்டைவடிவ வித்திகள் கிளைவிட்ட சங்கிலிகளாய்த் தொங்கின. அது கிளாடொஸ்போரியம், வீட்டுச் சுவர்களிலும் வெளிக்காற்றிலும் மிகச் சாதாரணமாய்க் காணப்படுவது. புத்தக அட்டையில் எடுத்த துண்டோ வேறு காட்சி தந்தது. நீண்ட காம்பின் தலை உருண்டு பருத்திருக்க, அதைச் சுற்றி நாற்புறமும் வித்திச் சரங்கள் தெறித்து நின்றன. “பன்னீர்ச்செம்பு!” என்று கூவினான் சிறுவன். அவன் அறியாமலே சொன்ன அவ்வுவமை ஏறக்குறைய முந்நூறு ஆண்டு பழைமையுடையது. 1729ஆம் ஆண்டிலே புளோரன்ஸ் நகரத்து மிக்கேலி என்னும் தாவரவியலார் அதே வடிவைக் கண்டு, தேவாலயத்திற் புனிதநீர் தெளிக்குங் கருவியை நினைந்து, அஸ்பெர்ஜில்லஸ் எனப் பெயரிட்டார். கற்பிட்டிச் செங்காய வெங்காயத்தின் மேற்றோலின்கீழ் கரிப்பொடிபோல் அப்பிக்கொள்வதும் இவ்வகையில் ஒன்றே. நுனி தூரிகைபோற் பிரிந்திருப்பின் அது பெனிசிலியம். இலத்தீனில் அச்சொல்லுக்குத் தூரிகை என்பதே பொருள்.

நுணுக்குக்காட்டி பெரும்பாலும் முதற்பெயரைத்தான் சொல்லும். இரண்டாம் பெயரை அறிய வளர்ப்பூடகமும், ஆய்வுகூடமும், இக்காலத்தில் மரபணுச் சோதனையுங்கூட வேண்டும். வல்லுநரும் இதில் வழுவியதுண்டு. இலண்டன் சென் மேரி மருத்துவமனையில் லா டூஷ் என்பவர், முட்டு நோயாளரின் வீடுகளிலிருந்து பூஞ்சணங்களைச் சேகரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரது அறை அலெக்சாண்டர் பிளெமிங்கின் அறைக்குக் கீழே இருந்தது. 1928இல் பிளெமிங்கின் தட்டில் வந்து விழுந்த புகழ்பெற்ற வித்தி, அக்கீழறையிலிருந்தே எழுந்திருக்கலாம் என்று கருதுவோர் பலர். அதற்கு லா டூஷ் இட்ட பெயர் ‘பெனிசிலியம் உரூபுறம்’. பின்னர் அமெரிக்கரான சாள்ஸ் தொம் அதைத் திருத்தி ‘நொட்டாற்றம்’ என்றார். 2011இல் மரபணுவை ஆராய்ந்தோர் அதனையும் மாற்றி ‘உரூபென்ஸ்’ என்றனர். பெயர் மீண்டும் மீண்டும் மாறியும் பெனிசிலின் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

கறுப்பாய்க் கண்டதையெல்லாம் ‘கொடிய நஞ்சுப் பூஞ்சணம்’ என்று அஞ்சுவோரும் இன்று பலர். 1993, 1994ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே சில பச்சிளங் குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. நனைந்த வீடுகளில் வளர்ந்த ஸ்டாக்கிபொற்றிஸ் என்னும் கரும்பூஞ்சணத்தின்மேற் பழி விழுந்தது. அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் ஆய்வை மீள நோக்கி, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என 2000இல் அறிவித்தது. அதனால் வீட்டுப் பூஞ்சணம் தீங்கற்றது என்று கொள்ளற்க. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் முட்டும் இருமலும் மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் தெளிவாய்க் கூறுகின்றது. இன்ன பூஞ்சணம் இவ்வளவு இருந்தாற் கேடில்லை என அளவு வகுக்க இயலாது என்றும், ஈரத்தை நிறுத்துவதே வழியென்றும் அது சொல்லுகின்றது. மருத்துவமனைகளிலும் சுவடிச்சாலைகளிலும் பெயரறிய நியாயமுண்டு. ஓர் இல்லத்தார் அதற்குப் பணஞ் செலவிடுவதைவிட, நீர் வரும் வழியைத் தேடுவது நன்று.

அன்று மாலையே வேலை தொடங்கிற்று. அலுமாரியைச் சுவரினின்று ஒரு முழம் விலக்கினர். யன்னலுக்கு நுண்வலை அடித்துத் திறந்துவிட்டனர். சவர்க்கார நீராற் சுவரைத் துடைத்து உலரவிட்டு, பழுதான அட்டைகளைப் பைக்குட் கட்டி வெளியேற்றினர். குளோரின் நீரோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்து தெளிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நச்சுவாயு எழும் என்று பதறித் தடுத்தோம். சிறுவனுக்கு வைத்தியர் கொடுத்த மருந்தை ஒரு நாளேனும் நிறுத்தலாகாது என்பதையும் வற்புறுத்திச் சொன்னோம். முன்கூடத்துச் சுவருக்கு மட்டும் சீமெந்தும் பளபளப்புப் பூச்சும் நீக்கி, மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சு இடுமாறு கூறினோம். அது மழை ஓய்ந்தபின் ஆகவேண்டிய வேலை.

மூன்று மாதங்கழித்து நண்பர் எழுதினார். சிறுவன் முன்போல் அடிக்கடி இரவில் விழிப்பதில்லையாம். மருந்தினாலோ, யன்னலினாலோ, மாரி கழிந்ததனாலோ என்று தம்மாற் பிரித்துச் சொல்ல இயலவில்லை என்றும் எழுதியிருந்தார். நம்மாலும் இயலாது. முன்கூடத்துச் சுவர் இன்னும் பூக்கின்றதாம். மூத்தம்மா காலைதோறும் அதை ஈர்க்குமாற்றால் உலரக் கூட்டி அள்ளுகிறாராம். சுவர் வேர்த்திருக்கும் நாட்களில் மட்டும், கொடியிற் காயும் துணிகளை எடுத்து வைக்கும்படி வீட்டாரை ஏவுகிறாராம்.