புதுமுகத்தின் சாதனை! வாங்கிய அடிக்குக் கணக்கு எங்கே?

2020-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த இங்கிள்வுட். புத்தம் புதிய விளையாட்டு அரங்கம். கொரோனா காலம். ஆகவே ரசிகர்கள் ஒருவர்கூட இல்லை.

ஆட்டம் தொடங்கச் சிறிது நேரமே இருந்தது. சார்ஜர்ஸ் கோஷ்டியின் முக்கிய ஆட்டக்காரர் டைராட் டெய்லர். அவருக்கு விலாவில் வலி. வலி தெரியாமல் இருக்க, கோஷ்டியின் டாக்டர் ஊசி போட்டார். ஊசி நுரையீரலில் குத்திவிட்டது! டெய்லர் மூச்சுத் திணறினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அவருக்குப் பதில் யார்?

ஓரத்தில் ஒரு வாலிபர் நின்றுகொண்டு இருந்தார். வயது 22. பெயர் ஜஸ்டின் ஹெர்பர்ட். தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை ஒரு பந்துகூட வீசாதவர். "நீதான் ஆட வேண்டும்" என்று கடைசி நேரத்தில் அவரிடம் சொன்னார்கள். எதிரே நின்றது யார் தெரியுமா? அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சாம்பியன் பட்டம் வாங்கிய கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ்!

வாலிபர் பயப்படவில்லை. அன்று 311 கஜம் வீசினார். கூடுதல் நேரம் வரை ஆட்டம் இழுத்தது. 23-க்கு 20 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அவர் வீச்சில் 31 டச்டவுன்கள் விழுந்தன. முதல் வருஷத்தில் இத்தனை டச்டவுன் வீசியவர் அதற்கு முன் யாரும் இல்லை.

இது என்ன ஆட்டம்?

அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் வீசுவதும்தான் அதிகம். பந்தும் உருண்டை அல்ல. இரு முனையும் கூரான நீள் பந்து.

கோஷ்டிக்கு 11 பேர். ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. இப்படியே போய் எதிரியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துவிட்டால், அதுதான் டச்டவுன். 6 புள்ளி கிடைக்கும்.

பந்தை வீசுகிறவருக்கு 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். கோஷ்டிக்கு மூளை அவர்தான். தன் ஆள் எங்கே ஓடுகிறான் என்று இரண்டு மூன்று வினாடிக்குள் பார்க்க வேண்டும். பந்தை அவன் கைக்குச் சரியாக அனுப்ப வேண்டும். தவறினால் எதிரி பிடித்துக்கொள்வான். தாமதித்தால் அதைவிட ஆபத்து! 120 கிலோ, 130 கிலோ எடையுள்ள ஆட்கள் ஓடிவந்து அவரையே தரையில் சாய்த்துவிடுவார்கள். அதை 'சாக்' என்கிறார்கள்.

இந்த வேலையை, கல்லூரியை விட்டு வந்த முதல் வருஷத்திலேயே ஒரு வாலிபர் செய்வதென்றால் சாதாரணமா?

சாதனைப் பட்டியல்

சார்லி கானர்லி என்பவர் இரண்டாம் உலகப் போரில் மரீன் படையில் சேர்ந்து குவாம் தீவில் சண்டை போட்டவர். போர் முடிந்து, படிப்பும் முடிந்து, 1948-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டிக்கு வந்தார். அந்த வருஷம் 22 டச்டவுன் வீசினார். அப்போது ஒரு பருவத்துக்கு 12 ஆட்டம்தான். அந்தச் சாதனையைத் தாண்ட 50 ஆண்டுகள் ஆயின!

1998-ல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் கோஷ்டியின் பெய்டன் மேனிங் 26 வீசினார். 2012-ல் சியாட்டில் நகரின் ரஸ்ஸல் வில்சன் அதைச் சமன் செய்தார். 2018-ல் கிளீவ்லாந்தின் பேக்கர் மேஃபீல்டு 27. பிறகு ஹெர்பர்ட் 31.

இது டச்டவுன் கணக்கு. கஜக் கணக்கு வேறு. 2011-ல் கரோலினா பாந்தர்ஸ் கோஷ்டியின் காம் நியூட்டன் 4,051 கஜம் வீசினார். புதுமுகம் ஒருவர் 4,000 கஜத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டே ஆண்ட்ரூ லக் அதை முறியடித்தார். 4,374 கஜம்! அதாவது ஏறக்குறைய இரண்டரை மைல். 2024-ம் ஆண்டுப் பருவம் முடியும் வரை அதை யாரும் தொடவில்லை. இத்தனைக்கும் 2021 முதல் பருவத்துக்கு 17 ஆட்டம் என்று ஆகிவிட்டது. லக் காலத்தில் 16-தான்.

கெட்டிக்காரனுக்குக் கிடைக்கும் இடம்

பட்டியலைப் பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை கஜம் ஏன் வீச வேண்டி வந்தது என்று யாராவது கேட்கிறார்களா?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் கோஷ்டிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த கோஷ்டிக்கு முதல் வாய்ப்பு. மெலிந்த கோஷ்டி தேற வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நடப்பது என்ன? ஊரிலேயே கெட்டிக்காரப் பையன், ஊரிலேயே ஓட்டை விழுந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறான்!

மெலிந்த கோஷ்டி ஆட்டத்தில் சீக்கிரமே பின்தங்கும். பின்தங்கினால் ஓடி ஓடிச் சேர்க்க நேரம் இராது. வீசியே ஆக வேண்டும். வீச வீசக் கஜம் ஏறும். கஜம் ஏறினால் சாதனை!

காம் நியூட்டன் கதையே சாட்சி. முதல் ஆட்டத்தில் 422 கஜம் வீசினார். அதற்கு முன் யாரும் முதல் ஆட்டத்தில் அத்தனை வீசியது இல்லை. கோஷ்டி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் 432 கஜம். அதிலும் தோல்வி! மறுநாள் எல்லோரும் கஜத்தைத்தான் பேசினார்கள்.

ரஸ்ஸல் வில்சனோ மூன்றாவது சுற்றில், 75-வது ஆளாக எடுக்கப்பட்டவர். "குள்ளம்" என்று ஒதுக்கினார்கள். அவர் போய்ச் சேர்ந்த கோஷ்டியில் தடுப்பு ஆட்டக்காரர்கள் பலசாலிகள். ஆகவே அவர் 393 தடவை வீசினால் போதுமாக இருந்தது. 11 வெற்றி கிடைத்தது. அதே 2012-ல் ஆண்ட்ரூ லக்கும் 11 வெற்றிதான் பெற்றார். அதற்கு அவர் வீசியது எத்தனை தடவை? 627! முந்தைய வருஷம் 2 வெற்றி மட்டுமே கண்ட கோஷ்டியை அவர் தூக்கி நிறுத்தினார் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் எதிரிகள் அவரை 41 தடவை தரையில் சாய்த்தார்கள். சாதனைப் பக்கத்தில் இந்த 41-ஐக் காணோம்.

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா?

"ஆடினால்தானே கற்றுக்கொள்ள முடியும்? பெஞ்சில் உட்கார்ந்தால் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் உடனே காட்டுவது பெய்டன் மேனிங்கை.

மேனிங் முதல் வருஷத்தில் 26 டச்டவுன் வீசினார் அல்லவா? அதே வருஷம் எதிரிகள் கையில் 28 தடவை பந்தைக் கொடுத்தார்! அதுவும் புதுமுகங்களில் ஒரு சாதனைதான். வேண்டாத சாதனை. கோஷ்டிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த வருஷம் அப்படியே தலைகீழ். 13 வெற்றி, 3 தோல்வி. தவறு செய்து, தவறிலிருந்து கற்றார்.

சரி. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த முதல் வருஷத்தில் மேனிங் சாய்க்கப்பட்டது 22 தடவைதான். முன்னால் நின்ற ஆட்கள் அவரைக் காத்தார்கள். பந்து போனது, உடம்பு போகவில்லை. கடைசியில் கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டும் 39 வயது வரை ஆடினார்.

2002-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்ற கோஷ்டி புதிதாகப் பிறந்தது. முதல் ஆளாக டேவிட் கார் என்ற வாலிபரை எடுத்தது. அவரைக் காக்க நின்ற ஆட்கள் போதவில்லை. அந்த வருஷம் அவர் 76 தடவை சாய்க்கப்பட்டார்! ஒரே பருவத்தில் அத்தனை அடி வாங்கிய குவார்ட்டர்பேக் அதற்கு முன்னும் இல்லை, 2024 வரை பின்னும் இல்லை. 5 வருஷம் வைத்திருந்துவிட்டு, 2007-ல் விலக்கிவிட்டார்கள். இவர் நீச்சல் கற்கவில்லை. கல்லைக் கட்டி இறக்கினார்கள்.

காத்திருந்தவர்கள் கெட்டுப்போனார்களா? ஆரோன் ராஜர்ஸ் 3 வருஷம் காத்திருந்தார். பாட்ரிக் மகோம்ஸ் 2017-ல் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அடுத்த வருஷம் 50 டச்டவுன்! டாம் பிராடி முதல் வருஷத்தில் 3 பந்து வீசினார், 1 பிடிபட்டது, 6 கஜம். அவ்வளவுதான் அவர் புதுமுகக் கணக்கு. பிறகு 7 சாம்பியன் பட்டம்.

உடனே ஆடவிட்டால் எல்லோரும் கெடுவார்கள் என்பதல்ல. அதே ஹூஸ்டனில் 2023-ல் சி. ஜே. ஸ்ட்ரவுட் வந்தார். நவம்பர் 5-ந் தேதி தாம்பா பே கோஷ்டியோடு ஆட்டம். ஹூஸ்டனில் பந்தை உதைக்கிற ஆளுக்கு அடிபட்டு, ஓட்டக்காரர் ஒருவரையே உதைக்க விட வேண்டிய நிலை. 46 வினாடி பாக்கி. தோல்வி நிச்சயம் என்று நினைத்தார்கள். ஸ்ட்ரவுட் வீசினார், வீசினார், 6 வினாடி இருக்கும்போது டச்டவுன்! 39-க்கு 37. அன்று அவர் வீசியது 470 கஜம். புதுமுகம் ஒருவர் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு வீசியது இல்லை. அப்படிப்பட்டவரும் தலையில் அடிபட்டு அந்தப் பருவத்தில் 2 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார்.

ஆகவே கோஷ்டி முதலாளிகள் முதலில் செய்ய வேண்டிய காரியம், பையனுக்கு முன்னால் நிற்க நாலு பலசாலிகளைத் தேடுவது. அவர்கள் கிடைக்கும் வரை பையன் ஒரு வருஷம் ஓரத்தில் நிற்கட்டும். பத்திரிகைகளும் டெலிவிஷனும் கஜக் கணக்கைப் போடும்போது பக்கத்திலேயே சாக் கணக்கையும் போடலாம். ஒரு வரிதானே?

ஆண்ட்ரூ லக் என்ன ஆனார்? 2015-ல் அடிபட்டு அவர் சிறுநீரகம் கிழிந்தது. பிறகு தோளில் ஆபரேஷன். 2017 முழுவதும் ஆடவில்லை. 2018-ல் திரும்பி வந்து 39 டச்டவுன் வீசினார். ரசிகர்கள் குதித்தார்கள். 2019 ஆகஸ்டு 24-ந் தேதி, சொந்த ஊரில் ஒரு பயிற்சி ஆட்டம். அவர் விலகப்போகிறார் என்ற செய்தி ஆட்டத்தின்போதே பரவிவிட்டது. ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தை விட்டு நடந்தபோது, அரங்கில் இருந்த ரசிகர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். அடி, சிகிச்சை, மறுபடி அடி என்று அலுத்துவிட்டதாகச் சொல்லி, அன்று இரவே அவர் ஆட்டத்தை விட்டார். அப்போது அவருக்கு வயது 29.