முதுமைக்கு முகம் தந்த அச்சுத் தகடுகள்

ஒரு சமூகம் தன் முதியவர்களை என்னவாக நினைத்தது என்பதை, அது திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்ற படங்கள் காட்டிக்கொடுத்துவிடும். யோர்க் ப்ராய் என்ற ஜெர்மன் ஓவியர் 1540-இல் உருவாக்கிய மரச்செதுக்குப் படத்தில் மனித வாழ்வு ஒரு படிக்கட்டு. பத்து வயதுக்கு ஒரு படி, ஐம்பதில் உச்சி, பிறகு நூறு வரை இறக்கம்தான். இந்த வகைப் படங்கள் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் விற்பனையாயின. அவற்றில் முதியவருக்குப் பெயரில்லை, படி மட்டுமே உண்டு.

மூதாட்டிகளின் நிலை இன்னும் மோசம். 1500-ஐ ஒட்டி ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் செப்புத் தகட்டில் செதுக்கிய சூனியக்காரி, தளர்ந்த உடலோடு ஆட்டின் மீது பின்புறம் திரும்பி அமர்ந்திருக்கும் கிழவி. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் சூனியக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வயதானவர்கள் பலர். அந்தக் கொலைகளுக்குப் படங்கள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அதைப் படங்கள் தந்தன.

அதே டியூரர் 1514-இல், பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று ஓய்ந்த தன் தாய் பார்பராவைக் கரிக்கோலால் வரைந்தார். எலும்பு துருத்திய கழுத்தையும் சுருக்கம் விழுந்த நெற்றியையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு மாதங்களில் தாய் இறந்துபோனார். சூனியக்கிழவி பல பிரதிகளாக ஊரெங்கும் போனாள். தாயின் முகமோ ஒரே தாளில் தங்கிவிட்டது.

அந்தத் தாளில் நின்றுபோன பரிவை அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஓவியர் ரெம்பிராண்ட். 1628-இல், இருபத்திரண்டு வயதில், அவருடைய தாய் என்று வழிவழியாக அறியப்படும் மூதாட்டியின் முகத்தை உள்ளங்கையில் அடங்கும் தகடு ஒன்றில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்தெடுத்தார். 1651-இல் விவிலியக் கதையின் பார்வையற்ற தோபித்தைச் செதுக்கினார். மகன் வந்துவிட்டான் என்றறிந்து கிழவர் எழுகிறார்; ராட்டை கவிழ்கிறது; நாய் காலில் இடறுகிறது; கை நீண்டும் கதவு தப்புகிறது. தள்ளாமை முழுதும் அங்கே இருக்கிறது. ஆனால் நம் மனதில் நிற்பது மகனை நோக்கிய தவிப்பு.

படிக்கட்டுப் படமும் தோபித்தும் காட்டுவது ஒரே தளர்ச்சியைத்தான். முன்னது முதியவரை வயதாகப் பார்த்தது. பின்னது மனிதராகப் பார்த்தது. இன்று முன்னெப்போதையும்விட மலிவாகப் படங்களைப் பரப்புகிறோம். முதியவர் ஒருவரைப் படமெடுக்கும்போதும் எழுதும்போதும் அவருடைய வயதைக் கடந்து, அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பார்வையை அவருக்குத் தருவது நம் கடமை.